ஷட்டர் வாசலில் கோலம்

"அந்தச் சந்துல இப்ப மனுஷங்க யாரு இருக்காக்கா? வித்துட்டு இங்க வந்துடு" என்பாள் கே.கே. நகரில் இருக்கும் என் தங்கை. கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. நான் பாவாடை கட்டித் திரிந்த நாட்களில் இரண்டு பக்கமும் வீடுகள்தான். பிறகு ஒவ்வொருவராக முன்னறையை இடித்து ஷட்டர் போட்டார்கள். கடைக்கு விட்ட அறைக்குப் பின்னால் கொஞ்ச நாள் குடியிருந்து பார்த்தார்கள். அதுவும் குடோன் ஆனதும் லிஃப்ட் வைத்த ஃபிளாட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாசலை அடைத்து மினி லாரி நிற்கும்போது ஸ்கூட்டரை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் அந்த அவஸ்தை தெரியும்.

ஆனால் அம்மன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. திருவிழாவில் முனைக் கோயில் அம்மன் சப்பரத்தில் எங்கள் சந்துக்குள் வரும். கோலம் போட்ட வாசலில் நிற்கும், மற்றதைத் தாண்டிப் போய்விடும். போன வருஷம் என் வாசலில் மட்டும்தான் நின்றது. இந்த வருஷம் விழாக் கமிட்டிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஒரு வாசலுக்காக உள்ள வந்து திரும்புறது கஷ்டமா இருக்குங்க. முனையோட திருப்பிக்கிறோம். நீங்க அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கிட்டு அங்க வந்துடுங்க."

"எல்லா வாசல்லயும் கோலம் இருந்தா?"

"இருந்தா வந்துதானேங்க ஆகணும். வழக்கமாச்சே."

எனக்கு அது போதும். புறப்பாடு அன்று மத்தியானமே வாளியும் விளக்குமாறுமாக இறங்கினேன். பிளாஸ்டிக் குடம், அட்டைப் பெட்டி, எவர்சில்வர் என்று ஒரு குடோன் வாசலையும் விடாமல் கழுவிக் கோலம் போட்டேன். தினமும் அங்கே சரக்கு இறக்கும் லோடுமேன் குறுக்கே வந்தார்.

"அக்கா, லோடு வருது. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

"லோடு நாளைக்கும் வரும்பா. அம்மன் இன்னைக்குத்தான் வரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வண்டியை முனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, பெட்டிகளைக் கோலத்தை மிதிக்காமல் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார்.

சாயங்காலம் மேளச் சத்தம் சந்துக்குள் திரும்பியபோதுதான் என் புத்தியில் உறைத்தது. கோலத்தைப் போட்டேனே தவிர, தட்டு என் வீட்டுக்கு மட்டும்தான் வைத்திருந்தேன். வாசலில் நிற்கும் அம்மனுக்குத் தட்டு நீட்டாமல் இருந்தால் அதைவிட அவமரியாதை இல்லை. சப்பரம் முதல் ஷட்டர் முன்னால் நின்றுவிட்டது. ஷட்டர் மூடியிருந்தது. கமிட்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் தட்டையாவது எடுத்து வரலாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

அப்போது உள்ளேயிருந்து ஷட்டர் தடதடவென்று மேலே போனது. லோடுமேன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றார். கையில் தேங்காய் பழத்தோடு ஒரு புது எவர்சில்வர் தட்டு. அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்களும் ஆளுக்கொரு தட்டோடு நின்றார்கள்.

"யார் வீட்டுத் தட்டு?" என்று பூசாரி வழக்கம்போலக் கேட்டார்.

"வீடு இல்லைங்க சாமி. இது எங்க தெரு."

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டார். அம்மன் ஒவ்வொரு ஷட்டராக நின்று என் வாசலுக்கு வர வெகுநேரம் ஆயிற்று. அர்ச்சனை முடிந்ததும் தங்கைக்குப் போன் போட்டு, வீட்டை விற்கப்போவதில்லை என்று சொன்னேன்.