பாண்டிச்சேரியில் ஒரு பகல் தூக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். கையில் ஒரு பெட்டி, ஒரு கூடை. கூடையில் இட்லி, மிளகாய்ப் பொடி, தண்ணீர், மூன்று நாளைக்குத் தாங்குகிற மாதிரி முறுக்கு. “ஓட்டல்ல காலைச் சாப்பாடு சேத்துத்தான கட்டியிருக்கு, எதுக்கு இந்தச் சுமை?” என்றார் இவர். கேட்டவர்தான் வடலூர் தாண்டுவதற்குள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

சுற்றுலா என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாலும் நான் ஒரு காரியமாகத்தான் கிளம்பினேன். இவர் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். முப்பது வருஷத்துக்கு மேலாக ஷிஃப்ட். இன்னும் நான்கு மாதத்தில் ரிடையர் ஆகிறார். அதற்குள் ஒரு கான்ட்ராக்டர், ரிடையரான கையோடு தன்னிடம் சூப்பர்வைசராக வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். அதே மைன்ஸ், அதே ஷிஃப்ட், முறை வைத்து அதே நைட். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். இவருக்கு உள்ளூர ஆசை. எனக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் பேச்செடுத்தாலே சண்டை. சரி, கடலைக் காட்டிப் பேசிப் பார்ப்போம் என்று பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொல்லி, பாண்டிச்சேரியில் இரண்டு இரவுக்கு ஓட்டலில் ரூம் போட்டேன்.

இதில் எனக்கென்ன அவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்கள் ஷிஃப்ட் வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்க மாட்டார்கள். நைட் முடித்து மனிதர் காலையில் வந்து படுத்துவிட்டால், குவார்ட்டர்ஸ் முழுக்க வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்த வாரம் குக்கருக்கு லீவு, பருப்பு பாத்திரத்தில்தான் வேகும். மிக்ஸிக்கு ஓய்வு, காலிங் பெல் ஸ்விட்சு அணைந்திருக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது பக்கத்து வீட்டில் விளையாட அனுப்பிவிடுவேன். அவர்கள் வீட்டில் நைட் வந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் ரோட்டில் கீரை விற்பவர்கூட யார் வீட்டில் நைட் என்று தெரிந்துகொண்டுதான் குரல் கொடுப்பார். இப்படிப் பாதி ஆயுசு போய்விட்டது. மிச்சத்தையும் அதிலேயே போட எனக்கு மனசில்லை.

குறிஞ்சிப்பாடியில் ஏறிய ஓர் அம்மாள் கைத்தறித் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்க போய்கினு இருக்கீங்க?”

“பாண்டிச்சேரிக்குங்க.”

“ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு என்னா?”

“யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. சும்மா சுத்திப் பாக்கத்தான்.”

“சும்மாவா!” என்று என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பாண்டிச்சேரி என்றால் ஆஸ்பத்திரிதான். சும்மா போகிறவர்களை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது. குள்ளஞ்சாவடியில் இறங்கும்போது, “நல்லபடியா போய்ட்டு வாங்க” என்று ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோலவே சொன்னார்.

கடலூரில் வண்டி மாறினோம். அங்கிருந்து பாண்டிச்சேரி இருபத்திரண்டு கிலோமீட்டர். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. ஓட்டலுக்குப் போனால், அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்றார்கள். ஓர் இரவுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய், காலை உணவு சேர்த்து. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கிளம்பினோம். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார்.

“கிட்டத்துலதானங்க இருக்கு?” என்றார் இவர்.

“கிட்டத்துல இருந்தா நடந்து போங்க சார், யாரு வேணாங்கறா?”

நடந்தே போனோம். பிரெஞ்சுக்காரர்கள் கோடு போட்ட தெருக்கள். மஞ்சள் சுவர், வெள்ளைச் சட்டம், சுவருக்கு மேலே காகிதப்பூ. ஒவ்வொரு தெருவும் நேராகப் போய் இன்னொன்றை வெட்டுகிறது. இவருக்கு ஒரே குஷி. “இது நம்ம டவுன்ஷிப் பிளாக்கு மாதிரியே இருக்கு. யாரையும் வழி கேக்க வேணாம்” என்று சொல்லி, யாரையும் கேட்காமல் என்னை அழைத்துப்போய்ப் பாரதி பூங்காவை இரண்டு தடவை சுற்ற வைத்தார். கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தும் எனக்கு நிலைகொள்ளவில்லை. சாமியிடம் என்ன கேட்டேன் என்று இவருக்குச் சொல்லவில்லை.

அறை நன்றாக இருந்தது. இரண்டாவது மாடி, கடல் தெரியாது, கடலுக்குப் போகிற தெரு தெரியும். வாசலிலேயே ஒரு தகராறு. கதவைத் திறக்கிற அட்டையைச் சுவரில் செருகினால்தான் லைட் எரியும், எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும். இவர் அதைப் பார்த்துக் கொதித்துப்போனார். குவார்ட்டர்ஸில் கம்பெனி கரண்ட், நாங்கள் லைட்டை அணைத்துப் பழகினவர்கள் இல்லை. “கரண்ட் எடுக்கிறதே நாங்க. எங்களுக்கே பூட்டா?” என்றார். வரவேற்பில் இருந்த பெண்ணிடமே போய்ச் சொல்லியிருப்பார், நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

என் கண் வேறோர் அட்டைமேல் இருந்தது. கதவின் உள்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பச்சை, “அறையைச் சுத்தம் செய்யவும்.” மறுபக்கம் சிவப்பு, “தொந்தரவு செய்யாதீர்கள்.” இப்படி ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் இந்த அட்டை நான்தான். எடுத்து வெளியே மாட்டினேன். உள்ளே யாரும் தூங்கவில்லை, இருந்தாலும் சிவப்புப் பக்கம்தான் வந்தது.

சாயங்காலம் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, ஊரே நடக்கிறது. மணல் கொஞ்சம்தான், பெரும்பாலும் கருங்கற்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் சுண்டல் இருபது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு ஒரு கல்மேல் உட்கார்ந்தேன், பேச்சை ஆரம்பிக்கத் தோதான இடம் என்று. இவர் உட்கார்ந்தால்தானே? கடலைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கன்வேயர் பெல்ட்டைச் சோதிக்கிறவர்போல நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் சட்டைப்பையில் போன் அடித்தது.

“யாரு?”

“அந்த ஆளுதான்.”

“என்ன சொன்னீங்க?”

“நாளைக்கிச் சொல்றேன்னு சொன்னேன்.”

சுண்டல் பொட்டலத்தை மடித்து வைத்தேன். அவ்வளவு பெரிய கடல் எதிரே இருக்க, நான் ஒரு சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் கடற்கரை. சூரியன் வந்தது. அது முழுசாக மேலே வருமுன்பே இவர், “வா, கிளம்பு” என்றார். ஓட்டலில் பூரி, பொங்கல், முட்டை, வெட்டி வைத்த பப்பாளி. சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகம் போனோம். நுழைவு ஆளுக்குப் பத்து ரூபாய். அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பாசிமணிகளும், ரோமாபுரியிலிருந்து கப்பலில் மது வந்த ஜாடிகளின் உடைசலும் இருந்தன. பக்கத்து ஊர்க்காரியாக இருந்தும் நான் இதையெல்லாம் பார்த்ததில்லை. அந்தப் பாசிமணிகளைச் செய்தவர்கள் கடலோரத்தில் உட்கார்ந்து செய்திருப்பார்கள் என்று நினைத்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிரெஞ்சுக் கவர்னர் ஒருவர் படுத்ததாகச் சொல்லப்படுகிற கட்டிலையும் காட்டினார்கள். “இவருக்கு நைட் ஷிஃப்ட் இருந்திருக்காது” என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது.

மற்ற அறைகளுக்கு எப்படிப் போவது என்று காவலாளியிடம் கேட்டேன்.

“இன்னாம்மா? காதுல வுழல.”

மறுபடி கேட்டேன். அவர் காதை என் பக்கம் திருப்பினார்.

“சத்தமா கேளுங்கம்மா. இங்க யாரும் தூங்கல.”

முகம் சிவந்துவிட்டது. பகல் பதினோரு மணிக்கு என் குரல் தானாக அப்படித்தான் இறங்கிவிடுகிறது. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். ஜாடித் துண்டுகளைப் பார்ப்பதுபோல நின்றிருந்தார், ஆனால் காதில் வாங்கியிருந்தார்.

மத்தியானம் மீன் சாப்பாடு, நூற்று எண்பது ரூபாய். வெயில் தலையைப் பிளந்தது. அறைக்கு வந்ததும், இப்போது பேசிவிட வேண்டியதுதான் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். என்னென்ன சொல்வது என்று ஒரு வாரமாகக் கோத்து வைத்திருந்தேன். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று சாய்ந்ததுதான் தெரியும்.

விழித்தபோது திரைச்சீலையில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. தூக்கிவாரிப் போட்டது. பகலில் நான் தூங்குவதே இல்லை. தூங்குகிறவரைக் காவல் காப்பதுதான் என் பகல். சாயங்காலம் ஆகிவிட்டது, பதில் சொல்கிற நேரம் வந்துவிட்டது, நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்தில் இவரும் இல்லை. எங்கேயோ போய் ‘சரி’ என்று சொல்லியிருப்பார் என்றே முடிவு கட்டி, எழுந்து கதவைத் திறந்தேன்.

வெளியே, கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இவர் உட்கார்ந்திருந்தார். செருப்பு காலில் இல்லை, கக்கத்தில் இருந்தது. எதிரே அறைகளைச் சுத்தம் செய்கிற செல்வி என்கிற பெண் நின்றிருந்தாள். இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். கதவுப்பிடியில் சிவப்பு அட்டை.

“எழுந்துட்டீங்களாக்கா?” என்றாள் செல்வி, அப்போதும் கிசுகிசுப்பாகவே. “சார் மத்தியானத்துலேர்ந்து இங்கியே காவல் காத்துகினு இருக்காரு. கல்யாண கும்பலு ஒண்ணு வந்து எறங்குச்சி. பசங்க ஓடுதுங்க, ஆடுதுங்க. சார் ஒவ்வொண்ணா புடிச்சி ‘உஷ்’ஷுன்னு சொல்லிகினே இருந்தாரு. என் தள்ளுவண்டி சக்கரம் கிறீச்சுங்குதுன்னு அதைத் தூக்கிகினு போவ சொன்னாருக்கா! எவ்ளோ கனம் தெரியுமா அது?”

இவர் எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

“இடுப்பு போச்சு. லிஃப்ட் சத்தம், கதவு சத்தம், எவனோ டிவி போடறான், எவனோ இருமறான். எத்தனை சத்தம் இருக்கு ஊர்ல! ஒண்ணை அடக்கினா இன்னொண்ணு.” கக்கத்துச் செருப்பைக் கீழே போட்டார். “ஒரு மத்தியானத்துக்கே என்னால முடியல.”

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “அந்த ஆளு போன் பண்ணலையா?”

“பண்ணான். நாலஞ்சு தடவை. எடுத்தா பேசணும், பேசினா நீ எழுந்துக்குவே. சத்தத்தை அணைச்சுட்டேன்.”

“கீழ போய்ப் பேசியிருக்கலாமே?”

“நான் கீழ போயிட்டா இங்க யாரு பாத்துக்கிறது?”

போனை எடுத்து என்னிடம் நீட்டினார். கடைசியாக ஒரு செய்தி வந்திருந்தது. காத்திருந்து பார்த்ததாகவும், வேறு ஆள் பெயர் கொடுத்தாகிவிட்டதென்றும், தப்பாக நினைக்க வேண்டாமென்றும் எழுதியிருந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். இவர் முகத்தைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. ஒரு வாரம் கோத்து வைத்த பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

இவர் அதோடு தெளிந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அன்று சாயங்காலமும் கடற்கரையில் அதே நடை. “அஞ்சு மணி வரைக்கும் பொறுத்திருக்கலாம் அந்த ஆளு” என்று போகும்போது சொன்னார். “மனுசன்னா ஒரு நிதானம் வேணாம்?” என்று வரும்போது சொன்னார். நான் சுண்டல் பொட்டலத்தை நீட்டினேன். மூன்றாவது நடையில் வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். அப்போதுதான் கடல் பக்கம் திரும்பி, “தினம் இப்படித்தான் இரையுமா?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அறையைக் காலி செய்தோம். கிளம்புமுன் அட்டையைப் பச்சைப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். “இப்பவாச்சும் உள்ள வுட்டீங்களேக்கா” என்றாள் செல்வி. வண்டியைச் சத்தமாகவே உருட்டிக்கொண்டு வந்தாள்.

நேர்த் தெருவுக்கும் மர நிழலுக்கும் பாண்டிச்சேரி எங்கள் டவுன்ஷிப்பைவிட ஒன்றும் உசத்தியில்லை என்பது இவர் கட்சி. பஸ்ஸில் கடலூர் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பாண்டிச்சேரியில் பட்டப்பகலில் யாரும் யாருக்காகவும் குரலைத் தாழ்த்துவதில்லை என்பதுதான் நான் பார்த்த வித்தியாசம். இவரிடம் சொல்லவில்லை. குறிஞ்சிப்பாடி வருவதற்குள் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வழக்கம்போல நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நைட் வாரம் வந்தது. முதல் நாள் காலையில் வந்தார், குளித்தார், காபி குடித்தார், போய்ப் படுத்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, எப்போதும்போலப் பருப்பைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றப் போனேன்.

“குக்கர்லயே வை” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தூக்கம் கெட்டுடும்.”

“கெட்டா கெடட்டும். வைன்னா வை.”

வைத்தேன். அடுப்புப் பக்கத்திலேயே நின்றேன். முதல் விசில் வந்தபோது எதிர் வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, எங்கள் வீட்டில் யாருக்கு என்னவாயிற்று என்று எட்டிப் பார்த்தார். இரண்டாவது வந்தது. மூன்றாவது வருவதற்குள் பொறுக்க முடியாமல் அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன்.

“அணைக்காத” என்றார் உள்ளேயிருந்து, தூக்கக் கலக்கத்தில். “இன்னும் ஒண்ணு விடு. பருப்பு வெந்திருக்காது.”