அடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க

போன வாரம் துடியலூர் பக்கம் ஒரு நாற்சந்தி. சிக்னல் கிடையாது. குறுக்கே இன்னொரு கார் வந்தது. நான் நிறுத்தி, போங்க என்று கையைக் காட்டினேன். அவரும் நிறுத்தி, என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பெரியவர் சொல்கிறாரே என்று நான் கிளம்ப... அம்மணி சொல்கிறதே என்று அவரும் கிளம்ப... டமால்!

எங்கள் ஊரில் மரியாதையாலும் விபத்து நடக்கும்.

இறங்கி வந்தார். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறாராம். தப்பு தன்னுடையது என்றார். என்னுடையதுதான் என்றேன். பின்னால் நின்ற பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டிகளை ஓரங்கட்டினோம்.

அப்புறம் எல்லாம் முறைப்படி! நசுங்கிய பம்பரைக் குனிந்தும் நிமிர்ந்தும் போட்டோ எடுத்தோம். இன்சூரன்ஸுக்கு போன் போட்டோம். என் ஹெட்லைட்டைத் தடவிப் பார்த்து அவர் உச்சுக் கொட்டினார்.

"அடி ஏதாச்சும் பட்டுச்சுங்களா அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குங்க?"

"அட, எனக்கென்னுங்க... ஒண்ணுமே இல்லீங்க."

என் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டேன். வலிக்கிறது என்றால் அந்த மனுஷன் மனசு சங்கடப்படுமே! காருக்கு விழுந்த கீறலைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம். உடம்புக்கு விழுந்த அடியை மட்டும் மறைக்கிறோம். ஏன்?

ஒற்றைக் கையால் ஓட்டி வீடு சேர்ந்தேன். காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. எழுதிப் பிழைக்கிற கை! பயத்தில் அழுதேவிட்டேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். பதற்றத்தில் சில அடிகள் உடனே தெரியாதாம், அதனால் எதற்கும் காட்டிவிட வேண்டுமாம். தெரிந்தும் மறைத்த என்னை என்ன சொல்வதென்று அவருக்கே தெரியவில்லை. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பினார்.

எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சில்... விலாவைப் பிடித்தபடி தென்னந்தோப்புக்காரர்!

"சும்மா... சொந்தக்காரரு ஒருத்தரப் பாக்க வந்தனுங்க" என்றார்.

தொங்கும் கையோடு, நானும் சும்மாதான் வந்தேன் என்றேன்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண் எட்டிப் பார்த்து, அடுத்தது யார் என்று கேட்டார்.

"நீங்க போங்க" என்றேன்.

"இல்லீங்க, நீங்க போங்க" என்றார்.

அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு வலி தாங்க முடியலையோ, அவங்க மொதல்ல வாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.