அடைத்த மடை

ஈரலில் கட்டி என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னபோது நான் பாதிதான் பயந்தேன். மீதியை, வைத்தியத்தை விளக்கி அவரே சேர்த்துவிட்டார். கதிர்வீச்சுள்ள பொடி மணிகளைத் தொடையின் ரத்தக்குழாய் வழியாகக் கட்டிவரைக்கும் அனுப்புவார்களாம். அவை அங்கேயே தங்கிக் கட்டியைக் கருக்குமாம்.

"வயித்துக்குப் போற கிளைக்குழாயை முதல்ல அடைச்சிருவோம். இல்லேன்னா மணி அங்க போய்ப் புண்ணாக்கிரும்" என்றார்.

எலப்புள்ளியில் வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் வைக்கிறவனுக்கு இது விளங்காதா? பக்கத்து மடையை அடைத்தால்தான் தண்ணீர் நம் வயலுக்கு வந்து சேரும்.

"ஏனுங்க டாக்டர், அடைச்ச மடைய யாராச்சும் வெட்டி உட்டுட்டா?"

"உள்ள யாருங்க வந்து வெட்டப்போறாங்க?"

அவருக்கு என்ன தெரியும்? அண்ணனின் தண்ணீர் முறையன்று அவர் அடைத்துப்போன என் மடையை வெட்டி, என் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டு, நண்டு வளை பறித்து உடைத்துவிட்டது என்று சாதித்தவன் நான். அதிலிருந்து பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. என் உடம்புக்குள்ளும் என்னைப்போல ஒரு திருட்டுப்பயல் இருந்தால் என் கதி என்ன ஆவது?

முதல் தடவை கிளைகளை அடைத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரம் கழித்து மணிகளை அனுப்பினார்கள். ஒரு வாரம் யாரும் பக்கத்தில் வரவேண்டாம், ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும் என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். என் மனைவி கட்டிலைச் சுற்றி அளந்து கோலமாவில் கோடு போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்து நின்றார்.

"மாமா, கோட்டுக்கு அந்தப் பக்கமே உக்காருங்க. ஒரு மீட்டர் தள்ளி இருக்கோணுமாம்" என்றாள் மனைவி.

"பதினோரு வருசமா ஒரு பர்லாங்கு தள்ளி இருந்தேன். இது பக்கந்தான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிழைப்பேனோ மாட்டேனோ, சொல்லிவிடுவோம் என்று தோன்றியது.

"அண்ணா, மடைய வெட்டுனது நண்டு இல்லீங்ணா. நாந்தான்."

"நண்டு மம்பட்டி புடிக்காதுன்னு எனக்குத் தெரியாதாடா?" என்றார். "பொழச்சு வந்து இன்னொருக்கா வெட்டு. அடைக்கறதுக்கு நா இருக்கறேன்."

கோடு மட்டும் இல்லையென்றால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. மறுநாளே மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனேன். அண்ணன் எனக்கு முன்பே வந்து மடையை அடைத்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மண் போட்டிருந்தார்.