விற்றுத் தீர்த்த மஞ்சள் தூள்

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புத்தளத்திலிருந்து நிஸ்மியாவின் குரல் பதிவு. "ஏன்டி, நம்மட பூதம் திரும்ப வந்தீக்கி!" என்று ஒரே கூச்சல். பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். விஷயம் இதுதான்: நாங்கள் ஒரு காலத்தில் உயிரை விட்ட ஜப்பான் வீடியோ கேமைப் புதுமெருகு போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். இந்த முறையும் ஜப்பானுக்கு மட்டும், ஜப்பான் எழுத்தில் மட்டும். எப்படியோ என் மகள் எனக்கும், நிஸ்மியாவின் மகன் அவளுக்கும் கணினியில் இறக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

கண்டியில், குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நிஸ்மியாவின் மாமாவுக்கு வாகன உதிரிப்பாகக் கடை இருந்தது. நான் புசல்லாவையிலிருந்து வந்து பில் போடுவேன். அவள் அக்குறணையிலிருந்து வந்து என்னைக் கண்காணிப்பாள், அதாவது கதைத்துக்கொண்டிருப்பாள். ஜப்பானில் பாதியாக வெட்டிய கார்கள் கொள்கலனில் வரும். திறந்ததும் கிரீஸும் பழைய ரப்பரும் கலந்த வாசனை. அந்த வாசனைக்குள் இருந்துதான் மதியச் சோறு சாப்பிடுவோம், அதனால் இன்றைக்கும் டயர் கடையைக் கடந்தால் எனக்குப் பசிக்கிறது.

அந்தக் கார்களின் சீட்டுக்கு அடியில் குடை, சீப்பு என்று ஏதாவது கிடைக்கும். ஒரு நாள் கையடக்க கேம் மிஷின் இரண்டு கிடைத்தன. இரண்டிலும் ஒரே விளையாட்டு. "புள்ளைகளுக்குக் குடுங்க" என்றார் மாமா. கடையில் இருந்த புள்ளைகள் நாங்கள்தானே.

இருவர் சேர்ந்து பூதங்களை வேட்டையாடும் விளையாட்டு. ஓர் எழுத்தும் புரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். புகை விடுகிற பூதம் சைலன்சர். என்ன செய்தாலும் போகாத கடைசிப் பூதம் கஸ்டமர். வழியில் ஒரு மஞ்சள் தூள் நிறையக் கிடைத்தது. வேட்டைக்கு முன் ஒரு தடவை தூவிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. எந்த வண்டிக்கும் பொருந்தாத சாமானைப் பழைய இரும்போடு தள்ளிவிடுவது எங்கள் கடை வழக்கம். அதே புத்தியோடு தூளையெல்லாம் விளையாட்டில் வரும் கடைக்காரனிடம் தள்ளிவிட்டு வாள் வாங்கினோம். வியாபாரிகள் அல்லவா!

நிஸ்மியாவுக்குப் புத்தளத்தில் கல்யாணம் நிச்சயமானது. "கஸ்டமர விழுத்தாட்டித்தான் போவேன்" என்று சபதம் போட்டாள். அவளுடைய கடைசி வேலைநாளில் சோற்றுப் பொதியைக்கூடப் பிரிக்காமல் ஆடினோம். தோற்றோம், மறுபடியும் தோற்றோம். வாசலில் அவள் வாப்பாவின் வேன் வந்து நின்றது. தன் மிஷினை என் கையில் வைத்து, "நீயே வச்சிக்கோ. தனிய ஆடாத" என்றாள். நான் ஆடவில்லை. தோற்றதற்குத்தான் அழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பில் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

இப்போதெல்லாம் போன் கமராவைத் திரைக்கு நேரே பிடித்தால் எழுத்து தமிழாகிவிடுகிறது. மகள் பிடித்தாள். மஞ்சள் தூளின் கீழே வந்தது: 'அருகில் நிற்கும் தோழரின் காயத்தை ஆற்றும்.' நாங்கள் தூவிப் பார்த்தபோது இருவருக்கும் காயமே இல்லை!

போனில் வாசித்துக் காட்டினேன். "அல்லாஹ்வே, மருந்த வித்தா வாள் வாங்கின!" என்று அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது.

அன்று பின்னேரமே போனைக் காதில் மாட்டிக்கொண்டு, இணையத்தில் சேர்ந்து வேட்டைக்கு இறங்கினோம். அவள் அடிபட்டு விழப்போகும்போதெல்லாம், "பக்கத்துல வா புள்ள, தூவுறேன்!" என்று கத்தினேன். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். கஸ்டமர் ஒருவழியாக விழுந்தது. இரண்டு பேரும் ஊளையிட்டோம். பழைய பழக்கத்தில் அவள் தொடையில் ஓங்கி அடிக்கக் கை போனது. என் கையில் பட்டது மேசைதான்.

"என்னடி, பேச்சக் காணோம்?"

"ஒன்னுமில்ல. நீ பக்கத்துல இல்ல."

"பெருநாளைக்கு அக்குறணைக்கு வாறேன். ரெண்டு பேரும் கடைக்குப் போவோம்."

"கடை எங்க இருக்கு? மாமா போனதும் வித்துட்டாங்கதானே. இப்ப அது பேக்கரி."

"பேக்கரின்டா உக்கார கதிரை ஈக்கும்தானே" என்றாள் நிஸ்மியா. "ரெண்டு கதிரை போதும்."