செல்ஃபில் கிளம்பிய ஜீப்

நான் வாங்கியபோதே என் ஜீப் பழசுதான். தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வேண்டாத சாமான்களை விற்றபோது, கொட்டகைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்ததை எடுத்தேன். அப்போது எனக்கு இருபது சொச்சம் வயது. இப்போது தலை நரைத்துவிட்டது. இடையில் அதன் தரைத் தகட்டைப் பல தரம் வெட்டி ஒட்டவைத்திருக்கிறேன். கூரைப் படங்கு கிழியக் கிழிய மாற்றியிருக்கிறேன். பின்சக்கரத்து வில்பட்டை உடைந்தபோது லொறியின் வில்பட்டையை அறுத்துப் போட்டேன். இஞ்சினும் ஸ்டியரிங்கும்தான் பழையபடி இருக்கின்றன.

லிந்துலைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கொஞ்சம் எட்டத்தில் என் வீடு. அம்மா போனபிறகு நான் மட்டும். தங்கை மஸ்கெலியாவில் குடித்தனம். கரட், லீக்ஸ் என்று மரக்கறி மூட்டைகளை ஏற்றித் தலவாக்கலை மார்க்கெட்டில் இறக்குவது என் பிழைப்பு.

சாவியைத் திருப்பினால் இஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் ஜீப்பில் பல வருசமாக வேலை செய்யவில்லை. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றலாம். ஒரு தடவை அது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியதிலிருந்து அதை நான் தொடுவதில்லை. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். வாசலில் கொஞ்சம் சமதரை, அதைத் தாண்டினால் இறக்கம். அந்தச் சமதரையைக் கடக்க ஆள் வேண்டும்.

ஆளை நான் கூப்பிட்டதே இல்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு லயத்துப் பெண்கள் என் வாசல் வழியாகத்தான் போவார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். கொழுந்துக் கூடைகளைப் பின்னால் எறிந்துவிட்டுத் தள்ளுவார்கள். இறக்கத்தில் கிளச்சை விட்டதும் ஜீப் இருமிக்கொண்டு பிடிக்கும். ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். தள்ளியவர்களுக்குப் பெரட்டுக் களம் வரை சவாரி. யாரும் பேசிவைத்த ஏற்பாடு இல்லை அது.

அவர்களில் ஒருத்திக்கு வாய் ஜாஸ்தி.

"என்னாண்ணே, மாப்பிள்ளை இன்னைக்கும் மொறச்சிக்கிட்டு நிக்கிறாரா?"

"வயசான மாப்பிள்ளைடி. பாத்துத் தள்ளு, பல்லு விழுந்துறப் போவுது" என்பாள் இன்னொருத்தி.

"ஜீப்பச் சொல்றியா, அண்ணனச் சொல்றியா?"

பின்னால் ஒரே சிரிப்பு. ரோட்டையே பார்த்து ஓட்டுவேன். மார்க்கெட்டில் விலை பேசுவதை விட்டால், ஒரு நாளில் என் காதில் விழுகிற பேச்சு அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் தள்ளும்போது அந்த வாய்க்காரி சேற்றில் வழுக்கி முழங்காலில் விழுந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாலும் அன்று நொண்டித்தான் நடந்தாள். எனக்கு மனது கேட்கவில்லை. டிக்கோயாவில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிற மெக்கானிக் பாஸிடம் ஜீப்பை விட்டேன். கொழும்பிலிருந்து ஒரு மோட்டாரை வரவழைத்துப் பூட்டினார். "இனி உங்களுக்கு ஒருத்தர் தயவும் வேணாம்" என்றார்.

மறுநாள் சாவியைத் திருப்பியதும் பிடித்தது. பெண்கள் நின்று பார்த்தார்கள். "அடேயப்பா" என்றாள் வாய்க்காரி. ஏறுவார்கள் என்று காத்திருந்தேன். கூடைக் கயிற்றைத் தலையில் சரியாக மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். ஏறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தனியாக இருக்கிற ஆம்பிளை கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ என்று நாக்கு எழவில்லை. அவர்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைப்பேன். அவர்கள் ஓரமாக ஒதுங்கி வழி விடுவார்கள். பின்னால் பெஞ்சுப் பலகை காலியாகக் கடகடக்கும். அந்தப் பலகைக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மாதங்கள் போயின. விடாத தூறலாக இருந்த ஒரு காலையில் இஞ்சினில் ஈரம் இறங்கிவிட்டது. செல்ஃப் திரும்பத் திரும்பச் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. பானட்டைத் திறந்து ஈரத்தைத் துடைத்து முடித்தபோது பெட்டரி செத்திருந்தது. பெண்கள் வந்தார்கள். செல்ஃப் இருக்கிற வண்டிதானே என்று நிற்காமல் போனார்கள். இப்போது கூப்பிடாவிட்டால் இனி எப்போதும் கூப்பிட மாட்டேன் என்று தோன்றியது.

"கொஞ்சம் தள்ளி விடுறீங்களா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

வாய்க்காரி திரும்பினாள். "அடியே, அண்ணனுக்குப் பேச வருதுடி!"

தள்ளினார்கள். பிடித்தது. ஏறினார்கள். வழியில் அவள் கேட்டாள்.

"ஏண்ணே, நாங்க ஏறுறது தொல்லைன்னுதானே செல்ஃபு போட்டீங்க?"

"இல்லம்மா. நீங்க சேத்துல விழுந்தீங்க. அதான்."

அவள் பலகையிலிருந்து முன்னால் எட்டி என் முகத்தைப் பார்த்தாள்.

"இதச் சொல்றதுக்கு இம்புட்டு நாளா?" என்றாள்.

மறுநாள் பெட்டரியில் சார்ஜ் இருந்தது. சாவியில் கிளப்பி, இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தேன்.

"ஏறுங்க" என்றேன்.

"தள்ளாமலா? ஒரு நாளுன்னா சரி. தெனமும் ஓசியில எப்பிடிண்ணே?"

திரும்பிப் போய் இஞ்சினை நிறுத்தினேன். "அப்ப தள்ளுங்க."

கூடைகள் வந்து விழுந்தன. மழை நாளில் மட்டும் சாவி, மற்ற நாளில் தள்ளுவது என்று இப்போது ஆகிவிட்டது. பெரட்டுக் களத்தில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து முதல் மூட்டையை ஏற்றும் வரை பலகை கடகடத்துக்கொண்டே வரும்.