குப்பி கொடுத்தவர்

கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியதும் சுஹைரா கைப்பையிலிருந்து ஈரத் துணியை எடுத்து, அபாயாவின் வலக்கை மடிப்பில் ஒட்டியிருக்கும் வெண்கட்டித் தூளைத் துடைக்கத் தொடங்குவார். காலையில் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தபோது படிந்த தூள். பாலம் முடிவதற்குள் கை சுத்தமாகிவிட வேண்டும். "அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் ஸ்டூடன்ட்" என்பார். கொண்டக்டருக்கும் இது தெரியும். "டீச்சர், இண்டைக்காவது ஹோம் வேர்க் செஞ்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கட் கிழிப்பார்.

திருகோணமலையில் பஸ் மாறி, உப்புவெளியைக் கடந்து பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிறார். இரண்டாம் வருடத்தில் நின்ற படிப்பை ஐந்து வருடங்கள் கழித்துத் தொடர்கிறார். அதே பஸ்ஸில் வளாக நூலகத்துக்கு வேலைக்குப் போகிற எனக்கு அவர் பழக்கமானது இப்படித்தான்.

விரிவுரை மண்டபத்தில் அவர் உட்காருவது கதவோரக் கடைசி வாங்கில்தான். கென்டீனில் பிள்ளைகள் அக்கா முறை வைத்து எழுந்து இடம் கொடுத்தால், தோளைப் பிடித்து அமர்த்திவிட்டு வரிசையின் வாலில் போய் நிற்பார்.

"ராத்தா, உங்கட பெட்ச் ஸுல்பிகாதான் இப்ப எங்களுக்கு மிஸ். நீங்களும் மிஸ்ஸெண்டா கூப்பிடுற?" என்று அப்ராஸ் ஒருநாள் சீண்டினான். வகுப்பில் வாய் அதிகம் அவனுக்கு.

"வகுப்புக்குள்ள மிஸ். கென்டீனுக்குள்ள அவதான் எனக்கு பிளேன்டீ வாங்கித் தரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஸுல்பிகா உள்ளே வந்தால் சுஹைராவின் தலை கோப்பைக்குள் குனிந்துவிடும்.

கிண்ணியாவில் அவரைப் பற்றி, தகப்பனுக்காகப் படிப்பை விட்டவர் என்ற நல்ல கதைதான் இருக்கிறது. கலியாண வீடுகளில் பெண்கள் தலையைத் தடவி, "வாப்பாவப் பார்க்கத்தானே படிப்ப விட்ட புள்ள" என்பார்கள். பாலத்தில் பஸ் பழுதாகி நின்ற ஒரு காலையில், தண்ணீரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "வாப்பா படுக்கையில விழுந்தது உண்மதான். ஆனா நான் நிண்டது அதுக்கில்ல. மௌத்தாகிற வரைக்கும் தன்னாலதான் எண்ட படிப்பு நிண்டதெண்டு அழுதாரு. நான் இல்லயெண்டு சொல்லல்ல."

பரீட்சை நெருங்கும்போது, பாடம் விளங்கிய மாணவர் மற்றவர்களை வெறும் மண்டபத்தில் கூட்டிச் சொல்லிக் கொடுப்பதை வளாகங்களில் குப்பி என்பார்கள். அந்த நாட்களில் தன் வகுப்புக்குப் புள்ளிவிபரவியல் குப்பி கொடுத்தவர் சுஹைரா. பாடத்தில் ஓர் அலகு மட்டும் அவருக்கே விளங்கவில்லை. "இது வராது" என்று சொல்லித் தாண்டிப் போனார். வினாத்தாளில் அதுதான் பெரிய கேள்வியாக வந்தது.

"மத்தவங்க வேற யாரிட்டயோ கேட்டுப் படிச்சிட்டாங்க. நான் யாரிட்ட கேக்கிற? குப்பி குடுக்கிறவ விளங்கல்லயெண்டு சொல்லேலுமா?"

அவரிடம் படித்தவர்கள் சித்தியடைந்தார்கள். அவர் தவறினார். அந்த முகங்களுக்கு முன்னால் மறுபடி எழுத வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட்டார். அந்தப் பாடத்துக்கு இனி ஒரே ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. அதுவும் போனால் பட்டம் இல்லை.

போன கிழமை அதற்கான குப்பி. நிவேதிகா என்ற லிங்கநகர்ப் பிள்ளை சொல்லிக் கொடுத்தாள். அவளை நூலகத்துக்குக் கூப்பிடப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெண்பலகையில் அந்தப் பழைய அலகு. பாதியில் நிவேதிகாவுக்குக் கணக்கு முட்டியது.

"ராத்தாட்டக் குடுங்க. அவ பழைய குப்பிக்காரி!" என்றான் அப்ராஸ்.

மார்க்கர் கைமாறிக் கைமாறிக் கடைசி வாங்குக்கு வந்தது. சுஹைரா எழுந்தார், மூடியைக் கழற்றினார். எல்லாத் தலைகளும் திரும்பியிருந்தன. பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூடியை அழுத்திப் போட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து, மார்க்கரை நிவேதிகாவின் கையில் வைத்தார்.

"அக்கா, நீங்கள் சொல்லித் தரேல்லையோ?"

சுஹைரா இல்லையென்று தலையை ஆட்டினார். முதல் வாங்கில் இருந்த பிள்ளைகளை நெருங்கி இருக்கச் சொல்லி அமர்ந்துகொண்டு, விறாந்தைப் பிள்ளைகள் விளங்காதபோது அவரைப் பார்த்து உயர்த்துவதுபோல, வலக்கையை உயர்த்தினார்.