அம்பாசிடருக்குள் சாம்பிராணி

என் மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூப்பிடுவாள். அமெரிக்காவில் அவளுக்கு அப்போது சனிக்கிழமை ராத்திரி. அந்த நேரம் பார்த்துத்தான் நான் வண்டியை எடுப்பேன். காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை வாரம் ஒரு தடவையாவது ஓட்டிவிட்டு வராவிட்டால் என் பழைய அம்பாசிடரின் பேட்டரி படுத்துவிடும். இது வெளியே சொல்லிக்கொள்ளும் காரணம். உண்மையில், போனை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். அதற்காக, அவள் கூப்பிடுவாளா மாட்டாளா என்று சோபாவில் ஏங்கிக் கிடக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமா என்ன?

ஆகவே டேஷ்போர்டில் போனை மாட்டி, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். பால்பண்ணை தாண்டி பைபாஸில் ஏறியதும் மணி அடிக்கும். கூடவே வண்டியும் ஐம்பதைத் தாண்டும். அவ்வளவுதான், காற்று ஆரம்பித்துவிடும். முன்பக்க முக்கோணக் கண்ணாடி விசிலடிக்கும், கதவிடுக்கெல்லாம் புஸ்ஸென்று இரையும். "அம்மா, ஒரே காத்து சத்தம். ஒண்ணுமே கேக்கல. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். அந்த 'அப்புறம்' அடுத்த ஞாயிறுதான் வரும். மெதுவாகப் போனால் பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனாலேயே திட்டுவான். ஓரங்கட்டிப் பேசியும் பார்த்தேன், அப்போதும் உரசிக்கொண்டு போகிற லாரிகளின் ஹாரன்தான். சனியன் பிடித்த காற்று, வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிற குரலையும் பிடுங்கிக்கொள்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

தஞ்சாவூர் ரோட்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சிரித்தார். "அம்பாசிடர்ல காத்து சத்தம் வராம இருக்குமாங்கம்மா? கண்ணாடிய எறக்கி விட்டுட்டு ஜாலியா போயிட்டு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிட்டயராகும் வரை தொழிற்சாலையில் நான் பார்த்ததே கசிவு கண்டுபிடிக்கிற வேலைதான். ஆள் நுழைகிற குழாயில் ஊசிமுனை ஓட்டையைக் காட்டிக் கொடுத்தவளுக்குப் போயும் போயும் ஒரு கார் கதவா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வந்தவள் முதலில் செய்தது படுமுட்டாள்தனம். கிடைத்ததிலேயே தடியான ரப்பர் பீடிங்கை வாங்கி நாலு கதவுக்கும் சுற்றி ஒட்டினேன். தடியாக இருந்தால் காற்று எங்கே நுழையும் என்ற கெட்டிக்காரத்தனம். காற்று நுழையவில்லை, வாஸ்தவம். கதவும் சாத்த வரவில்லை. இடுப்பால் இடித்துச் சாத்தப் போய், தைலம் தடவிக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடந்தேன். முதுகில் தேய்த்துவிட ஆளில்லை, கை எட்டிய வரைக்கும்தான் தைலம். ஒட்டியதையெல்லாம் பிய்த்துப் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாமிக்குச் சாம்பிராணி போட்டுவிட்டு, புகைகிற கரண்டியோடு வாசலுக்கு வந்தபோதுதான் புத்தி வேலை செய்தது. பின்சீட்டுக்குக் கீழே ஒரு பழைய தாம்பாளத்தை வைத்து, அதில் கரண்டியை வைத்தேன். இன்னும் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சாத்தினேன். உள்ளே வெள்ளையாக நிறைந்த புகை கொஞ்ச நேரத்தில் வழி தேட ஆரம்பித்தது. முக்கோணக் கண்ணாடியின் கீழ்மூலையில் நூலாக வந்தது. டிரைவர் கதவின் மேல்விளிம்பில் குபுகுபுவென்று வந்தது. கீல் தளர்ந்து கதவு தொங்கிப்போயிருந்தால் வராதா பின்னே? வந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே சுற்றினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, காரு புள்ள பெத்திருக்கா? தலைக்கு ஊத்தி சாம்பிராணி போடறீங்க?"

"ஆமா, பொம்பளப் புள்ள. உள்ள வா, சர்க்கர தரேன்."

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நான் பேசிய மனித ஜீவன் அவள் ஒருத்திதான்.

கதவைத் தூக்கிப் பிடித்துக் கீலை முறுக்கினேன். சாக்பீஸ் கோடு இருந்த இடத்தில் மட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் பீடிங் ஒட்டினேன். முக்கோணக் கண்ணாடிக்குப் புது ரப்பர் போட்டேன். பெடலுக்குப் பக்கத்தில் வயர் நுழையும் ஓட்டையை அடைத்தேன். பொய் சொல்வானேன், அந்த நாட்களில் சந்தோஷமாகவே இருந்தேன். வேலை செய்யச் செய்ய, அவளிடம் சொல்வதற்கு விஷயம் சேர்ந்துகொண்டே போனது. இதை எப்படிச் சொல்லலாம், எந்த இடத்தில் சிரிப்பாள் என்று தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பைபாஸில் அறுபதில் போனேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான். மணி அடித்தது.

"அம்மா, என்ன இவ்ளோ அமைதியா இருக்கு? வீட்லயா இருக்க?"

"கார்லதாண்டி! அறுபதுல போயிட்டிருக்கேன்."

"அப்படியா? சூப்பர்மா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தடி ரப்பரில் தொடங்கி, தைலம், சாம்பிராணி, கார் புள்ளை பெற்றது வரை மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் "ம்ம்" என்றாள். சிரிப்பு இப்போது வரும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் ஒரு டக்டக் சத்தம் கேட்டது. டேஷ்போர்டில் ஏதோ ஸ்குரூ லூஸ் போலிருக்கிறது என்று எரிச்சலோடு தட்டிப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை. போனிலிருந்து வந்தது. கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தேன். பாலம் காலியாகத்தான் கிடந்தது. எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. "பாலத்து நடுவுல ஒரு யானை குறுக்கப் படுத்துக்கிட்டிருக்குடி."

"ம்ம். சரிம்மா."

டக்டக் நிற்கவே இல்லை. இத்தனை நாளும் இப்படித்தான் இருந்திருக்கிறது. காற்று எனக்குக் கேட்காமல் மறைத்து வைத்திருந்தது. 'வேலை இருந்தா வச்சுத் தொலையேன், யார் உன்னைக் கூப்பிடச் சொன்னது' என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். கத்தினால் வைத்துவிடுவாள். அப்புறம் பூட்டிய வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும், அடுத்த ஞாயிறு வரை. அழுகை வந்தது, அதை விழுங்கிக்கொண்டேன். "பாகன் எழுப்பிப் பாக்கறாண்டி, அது அசைய மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் பஸ்ஸு நிக்குது" என்றேன். "ம்ம்" என்றாள். வாழைத்தார் கொண்டுவந்து காட்டினார்கள், போலீஸ்காரர் வந்தார், குழந்தைகளெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கி வேடிக்கை பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். யானை எழுந்துவிட்டால் அதற்கப்புறம் அவளிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ராஜகோபுரம் வரும்வரை அதைப் படுக்கவே வைத்திருந்தேன்.